லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்: "ஆர்ட்ஸ் படிக்க இவ்வளவு பணமா?" - சேரும் முன் வீட்டில் பேச வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மதியம். நீங்கள் பெங்களூரிலோ புனேயிலோ குருகிராமிலோ இருக்கிறீர்கள். ஊரிலிருந்து அம்மாவின் போன். "தங்கச்சி ஏதோ லிபரல் ஆர்ட்ஸ்னு சொல்றா. ஒண்ணு ஆந்திரால இருக்காம், இன்னொண்ணு ஹரியானாவுல இருக்காம். நீ கொஞ்சம் விசாரிச்சு சொல்லு." பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "ஆர்ட்ஸ் காலேஜ் நம்ம ஊர்லயே இருக்கே. அதுக்கு எதுக்கு அவ்ளோ பணம்?"

வீட்டில் முதலில் கார்ப்பரேட் வேலைக்குப் போனவர் நீங்கள் என்றால் இந்தக் கேள்வி உங்களிடம்தான் வரும். கடன் வாங்க வேண்டி வந்தால், பேங்கில் கூடக் கையெழுத்துப் போடப்போவதும் பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் இது தங்கையின் படிப்பு பற்றிய கேள்வி மட்டும் கிடையாது.

"நல்ல காலேஜா?" என்று தேடினால் ரேங்கிங்கும் விளம்பரமும்தான் கிடைக்கும். "இந்தப் பிள்ளைக்கு, நம்ம வீட்டு நிலைமைக்கு இது செட் ஆகுமா?" என்பதற்கு எந்த ரேங்கிங்கிலும் பதில் இல்லை. அந்தப் பதிலை எப்படித் தேடுவது? பார்க்கலாம்.

லிபரல் ஆர்ட்ஸ்னா என்ன?

முதல் குழப்பமே பெயரில்தான். நம்ம ஊரில் "ஆர்ட்ஸ் காலேஜ்" என்றால் இன்ஜினீயரிங், மெடிக்கல் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பே தப்பு. அதோடு, லிபரல் ஆர்ட்ஸ் என்பது அந்த "ஆர்ட்ஸ்" மட்டும் கிடையாது.

இந்தச் சொல் ஐரோப்பாவின் பழைய கல்வி முறையிலிருந்து வந்தது. அங்கே ஏழு பாடங்களை இந்தப் பெயரில் சொன்னார்கள்: இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். கவனித்தீர்களா? கணக்கும் வானியலும் ஆரம்பத்திலிருந்தே அதற்குள் இருக்கின்றன. இன்றைக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் காலேஜில் இயற்பியல், உயிரியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ், பொருளாதாரம், வரலாறு, இலக்கியம் எல்லாம் ஒரே வளாகத்தில், ஒரே டிகிரிக்குள் கலந்து கிடைக்கும்.

ஒரு நல்ல உதாரணம், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள கிரின்னல் கல்லூரி. மொத்தம் சுமார் 1,700 மாணவர்கள்தான். கல்லூரி இருக்கும் ஊரின் மக்கள்தொகையே பத்தாயிரத்துக்குள். சுற்றிலும் சோளக்காடு. இன்டெல் நிறுவனத்தை 1968-ல் இணைந்து தொடங்கிய ராபர்ட் நாய்ஸ், 1949-ல் இங்கேதான் பட்டம் பெற்றார். 1989-ல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் செக்கும் இந்தக் கல்லூரியின் மாணவர்.

இவர்களை வைத்து "லிபரல் ஆர்ட்ஸ் படித்தால் நோபல்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "அங்கே சயின்ஸ் கிடையாது, கதை கவிதை மட்டும்தான்" என்பதும் உண்மை இல்லை என்று காட்டவே இந்த இரண்டு பெயர்கள்.

வழக்கமான டிகிரியிலிருந்து எங்கே வித்தியாசப்படுகிறது?

மூன்று இடங்களில்.

ஒன்று, எப்போது பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில். நம்ம முறையில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த சில வாரங்களில் பி.காமா, பி.எஸ்சியா என்று முடிவு செய்தாக வேண்டும். லிபரல் ஆர்ட்ஸ் முறையில் பல இடங்களில் முதல் ஆண்டு எல்லாருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள் இருக்கும். அதை ஒட்டித்தான் முதன்மைப் பாடத்தை, அதாவது மேஜரை அறிவிக்க வேண்டும். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சில பல்கலைக்கழகங்கள் சேரும்போதே மேஜரைக் கேட்கும். இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

இரண்டு, சிலபஸையும் கேள்வித்தாளையும் யார் போடுகிறார்கள் என்பதில். பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்ற சாதாரணக் கல்லூரியில் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் வெளியிலிருந்து வரும். பேராசிரியரின் வேலை அதை முடித்துக்கொடுப்பது. லிபரல் ஆர்ட்ஸ் வகுப்பில் பாடத்தை வடிவமைப்பதும், படிக்க வேண்டிய பட்டியலைத் தருவதும், மதிப்பெண் போடுவதும் அதே ஆசிரியர். செமஸ்டர் கடைசியில் கோனார் உரை, பத்து வருடக் கேள்வித்தாள் இதையெல்லாம் புரட்டித் தப்பிக்கிற வழி இங்கே மூடப்பட்டிருக்கும்.

மூன்று, அளவு. அமெரிக்காவில் இந்த வகைக் கல்லூரிகளின் அடையாளமே சிறிதாக இருப்பதுதான். ஸ்வார்த்மோர், வில்லியம்ஸ் போன்ற பெயர்பெற்ற கல்லூரிகளிலும் மொத்த மாணவர்கள் 2,000-ஐ ஒட்டித்தான். சென்னையின் ஒரு பெரிய கலைக் கல்லூரியில் படிப்பவர்களைவிட இது பல மடங்கு குறைவு. வகுப்பில் 15 பேர், 20 பேர் இருந்தால் கடைசி பெஞ்ச் என்று ஒன்று இருக்காது. வாரா வாரம் கட்டுரை எழுத வேண்டும். எழுதியதை ஆசிரியர் படித்து, சிவப்பு மையில் கேள்வி கேட்டுத் திருப்பித் தருவார். பல வகுப்புகளில் பேசுவதற்கும் மார்க் உண்டு.

சிறிய கல்லூரிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். உங்கள் தங்கையின் எழுத்தை உட்கார்ந்து படிக்க ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆளைத் தேடிப்போய்ப் பேசும் பிள்ளைக்கு அந்தப் பணம் வீண் இல்லை. தேடிப்போகாத பிள்ளைக்கு அது ரொம்ப விலை உயர்ந்த ஹாஸ்டல்.

இந்தியாவில் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் இருப்பதுபோல தனித்து நிற்கும் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் "கல்லூரி" இந்தியாவில் அபூர்வம். இங்கே இந்த முறையைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் புதிய தனியார் பல்கலைக்கழகங்கள்.

ஹரியானாவின் சோனிபத்தில் 2014-ல் தொடங்கியது அசோகா பல்கலைக்கழகம். புனேயில் ஃப்ளேம், 2015-ல் பல்கலைக்கழகமானது. பெங்களூரில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2010-ல் கர்நாடக சட்டத்தின் மூலம் உருவானது. இவற்றில் சென்னைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா பல்கலைக்கழகம். சென்னையிலிருந்து வடக்கே, மாநில எல்லையைத் தாண்டிய உடனே வந்துவிடும். அதன் இளநிலை மாணவர்களின் முதல் பேட்ச் 2019-ல் சேர்ந்தது.

இவை எதற்கும் வயது இருபதைத் தொடவில்லை. அதனால் "முப்பது வருடம் முன்னால் இங்கே படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பார்க்க வழியில்லை. இது குறை என்று சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்கும்போது மனதில் இருக்க வேண்டும்.

பெயரில் லிபரல் ஆர்ட்ஸ் இல்லாமல் அந்த அனுபவத்தில் பாதியைத் தரும் இடங்களும் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2011-ல் தொடங்கிய நான்கு ஆண்டு அறிவியல் இளநிலைப் படிப்பில் மானுடவியல் பாடங்களும் சேர்ந்தே வரும். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தில் வகுப்புகள் சிறியவை. தமிழ்நாட்டின் பழைய தன்னாட்சிக் கல்லூரிகளையும் மறந்துவிட வேண்டாம். மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881-ல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது. அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் உலகத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. ஒஹாயோவின் ஓபர்லின் கல்லூரிப் பட்டதாரிகள் மதுரைக்கு வந்து ஆங்கிலம் கற்பித்திருக்கிறார்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு நல்ல துறையும் இரண்டு நல்ல ஆசிரியர்களும் அமைந்தால், செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

யாருக்கு செட் ஆகும்?

ஆர்வம் இரண்டு மூன்று பக்கம் இழுக்கும் பிள்ளைக்கு. பயாலஜியும் பிடிக்கும், பொலிட்டிக்கல் சயின்ஸும் பிடிக்கும், எதை விடுவது என்று தெரியவில்லை என்றால், ஒரு வருடம் இரண்டையும் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு பெரிது.

பாடப் புத்தகத்துக்கு வெளியே தானாகப் படிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு. எந்தப் புத்தகம் என்பது முக்கியமில்லை. யாரும் சொல்லாமல் எதையாவது தேடிப் படித்து, அதைப் பற்றி வீட்டில் வாதாடும் பிள்ளையா என்று பாருங்கள்.

"சார், எனக்குப் புரியல" என்று கேட்கக் கூச்சப்படாத பிள்ளைக்கு. அல்லது கூச்சப்பட்டாலும், அதைத் தாண்டி வர விரும்பும் பிள்ளைக்கு. நாலு பேர் நடுவில் பேசத் தயங்கும் பலர், 15 பேர் வகுப்பில் இரண்டாம் ஆண்டுக்குள் மாறிவிடுவதும் நடக்கும்.

ஆராய்ச்சி, எழுத்து, ஊடகம், பொதுக்கொள்கை, பொருளாதாரம், வளர்ச்சித் துறை இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு. அந்தத் துறைகளில் டிகிரியின் பெயரைவிட நீங்கள் எழுதிய மாதிரிகளும், பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கு உங்களை எவ்வளவு தெரியும் என்பதும் கணக்கில் வரும். சிறிய கல்லூரியில் இந்த இரண்டும் கிடைக்கும்.

யாருக்கு செட் ஆகாது?

என்ன வேண்டும் என்பது ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு இது சுற்றுவழி. டாக்டர், ஆர்க்கிடெக்ட், நர்ஸ், சி.ஏ. என்று முடிவு செய்தவருக்கு அதற்கான நேர்வழி இருக்கிறது. வக்கீல் ஆக வேண்டும் என்றால் ப்ளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. எந்த டிகிரி முடித்தாலும் மூன்றாண்டு சட்டப் படிப்பும் உண்டு. அதனால் அங்கே இரண்டு வழியும் திறந்திருக்கும்.

பெரிய ஊர், பெரிய கூட்டம் பிடிக்கும் பிள்ளைக்கும் சிரமம். ஸ்ரீசிட்டி ஒரு தொழிற்பேட்டை நகரம். சோனிபத்திலிருந்து டெல்லிக்குப் போய்வர அரை நாள் போய்விடும். முழு வளாகமும் ஒருவரை ஒருவர் தெரிந்த கூட்டம். ஒரு சண்டை, ஒரு காதல் முறிவு என்றால் மறுநாள் மெஸ்ஸில் அதே முகங்கள்தான். பெரிய கல்லூரியில் தொலைந்துபோகலாம், இங்கே முடியாது.

டிகிரி முடித்த அடுத்த மாதமே வீட்டுக்குப் பணம் அனுப்பியாக வேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளை, முழுக் கட்டணம் கட்டி இதில் சேர்வது ஆபத்து. திறமை குறைவு என்பதால் இல்லை. இந்தப் படிப்பின் பலன் பெரும்பாலும் மெதுவாக வரும். முதுநிலை, ஃபெலோஷிப், இன்டர்ன்ஷிப் என்று இரண்டு மூன்று ஆண்டுகள் குறைந்த வருமானத்தில் நகர வேண்டியிருக்கலாம். அந்த இடைவெளியைத் தாங்க வீட்டில் யாராவது வேண்டும். அந்த "யாராவது" நீங்கள்தானா என்பதை இப்போதே யோசியுங்கள்.

இங்கிலீஷ் பிரச்சினை

இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, கேண்டீன் அரட்டை எல்லாமே ஆங்கிலத்தில். பெரிய நகரங்களின் இன்டர்நேஷனல் பள்ளிகளில் படித்தவர்கள் நிறைய இருப்பார்கள். தமிழ் வழியில் படித்தவரோ, சிறு நகரத்து மெட்ரிக் பள்ளியில் படித்தவரோ முதல் செமஸ்டரில் "எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியலையோ" என்று நினைப்பது இயல்பு. வாரத்துக்கு 200 பக்கம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வரச் சொன்னால், பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரம் ஆவது நமக்கு ஆறு மணி நேரம் ஆகும்.

இதனால் சேரவே கூடாது என்று அர்த்தம் இல்லை. கல்லூரியில் எழுத்துப் பயிற்சி மையம் இருக்கிறதா, முதலாண்டில் ஆங்கில ஆதரவு வகுப்பு உண்டா, அதில் உட்கார்ந்தால் மார்க்கில் கைவைப்பார்களா என்று கேளுங்கள். சாதி, வர்க்கம், மொழி காரணமாக ஒதுக்கப்படுவதாகத் தோன்றினால் யாரிடம் போவது என்பதையும் கேளுங்கள். அங்கே படிக்கும், நம்மைப் போன்ற பின்னணியில் இருந்து வந்த ஒரு மாணவரிடம் பேசினால் அரை மணி நேரத்தில் நிலவரம் தெரிந்துவிடும்.

பணம்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

அரசுக் கலைக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய். தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டணம், விடுதி, சாப்பாடு சேர்த்து ஆண்டுக்குப் பல லட்சம். அமெரிக்காவின் முன்னணிச் சிறிய கல்லூரிகளில் உதவித்தொகை இல்லாமல் பார்த்தால் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும்.

ஆனால் போர்டில் எழுதியிருக்கும் விலையை எல்லாரும் கட்டுவதில்லை. அசோகா, கிரியா, அசீம் பிரேம்ஜி மூன்றிலுமே குடும்ப வருமானத்தைப் பொறுத்த கட்டணச் சலுகை உண்டு. அமெரிக்காவில் ஆம்ஹெர்ஸ்ட், போடன் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைக்கூட "பணம் கட்ட முடியுமா?" என்று பார்க்காமல் தேர்வு செய்து, தேவைப்படும் உதவியைத் தருகின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம். அதே நாட்டின் பெரும்பாலான மற்ற கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அதையும் சேர்த்தே பரிசீலிக்கும்.

அதனால் ஒப்பிட வேண்டியது, உதவித்தொகை கழித்து உங்கள் கையிலிருந்து போகும் தொகையை. சலுகை எல்லா ஆண்டுக்கும் உறுதியா, மார்க் குறைந்தால் நின்றுவிடுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது கடன். 10 சதவீத வட்டியில் 30 லட்சம் ரூபாய், பத்தாண்டில் திருப்பிக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 39,600 ரூபாய். அதுவும் படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமல். அதே கணக்கில் 10 லட்சம் கடன் என்றால் மாதம் சுமார் 13,200. இரண்டாவதை முதல் வேலையிலேயே சமாளிக்கலாம். முதலாவது பல தொடக்கச் சம்பளங்களையே விழுங்கிவிடும்.

உங்களைப் பாதிக்கும் விஷயங்கள் இன்னும் மூன்று. நீங்கள் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் வரும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது பேங்க் அதையும் கணக்கில் எடுக்கும். இரண்டாவது, கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு, தனக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சட்டப்படி தன் காப்பில் இருக்கும் மாணவருக்கும் வாங்கிய கடனுக்குத்தான். தம்பி, தங்கை என்ற உறவு அந்தப் பட்டியலில் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. மூன்றாவது, கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை பேங்குகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். ஊரில் இருக்கும் ஒரே வீட்டுப் பத்திரம் போகப்போகிறது என்றால், அந்தப் பேச்சில் அப்பா அம்மா இருவரும் உட்கார வேண்டும்.

வேலை கிடைக்குமா?

நேர்மையான பதில்: கிடைக்கும், ஆனால் வழி வேறு. ஆலோசனை நிறுவனங்கள், ஆய்வு அமைப்புகள், ஊடகம், தொண்டு நிறுவனங்கள், ஸ்டார்ட்அப்கள் இந்த மாணவர்களை எடுக்கின்றன. இன்ஜினீயரிங் கல்லூரி போல ஒரே நிறுவனம் வந்து ஒரே நாளில் 300 பேரை அள்ளிக்கொண்டு போவது நடக்காது. சிறிய பேட்ச் என்பதால் வரும் நிறுவனங்களும் குறைவு. மாணவரே இன்டர்ன்ஷிப் தேடி, மெயில் அனுப்பி, ஆட்களைப் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ், பொருளாதாரம், புள்ளியியல் போன்ற மேஜர் எடுத்தவருக்கும் தத்துவம் எடுத்தவருக்கும் தொடக்கச் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். கல்லூரி சொல்லும் "சராசரி சம்பளம்" எந்த மேஜருக்கு, எத்தனை பேரை வைத்துக் கணக்கிட்டது என்று கேளுங்கள்.

மேற்படிப்பில் ஒரு சாதகம் இருக்கிறது. புதிய தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தின்படி மூன்றாண்டில் 120 கிரெடிட்டோடு டிகிரி வாங்கலாம். நான்காம் ஆண்டும் படித்து 160 கிரெடிட் எடுத்தால் ஹானர்ஸ். 16 ஆண்டுக் கல்வி கேட்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க அந்த நான்காம் ஆண்டு உதவும். கூடவே ஓர் ஆண்டுச் செலவும் ஏறும். இந்த வசதி இப்போது லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை.

அரசு வேலைக் கனவு இருந்தால்?

யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த டிகிரியும் போதும். இந்தத் தனியார் பல்கலைக்கழக டிகிரிகளும் செல்லும். டிஎன்பிஎஸ்சி குரூப் 1-க்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும்.

கவனிக்க வேண்டிய இடம் ஆசிரியர் பணி போல குறிப்பிட்ட பாடத்தில் டிகிரி கேட்கும் வேலைகள். இரண்டு பாடங்களைக் கலந்து புதுப் பெயரில் டிகிரி வாங்கினால், அது கேட்கப்படும் பாடத்துக்கு இணையானதுதான் என்று நிரூபிக்க வேண்டிய சூழல் வரலாம். தமிழ்நாட்டில் இதற்கென்றே டிகிரி வாரியாக அரசாணைகள் போடப்படுகின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர் ஆவது லட்சியம் என்றால் தெளிவான, வழக்கமான பெயருள்ள மேஜரை எடுப்பது பாதுகாப்பு.

இன்னொன்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. டிகிரி கேட்கும் பணி என்றால், பள்ளியிலிருந்து அந்த டிகிரி வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கில வழி டிகிரியில் சேரும் நாளில் அந்த முன்னுரிமை கைவிட்டுப் போகிறது. பல வீடுகளில் இது தெரிந்த பிறகு முடிவே மாறும்.

சிறியது என்பதில் உள்ள ரிஸ்க்

ஒரு துறையில் நான்கே ஆசிரியர்கள் இருந்து, ஒருவர் விடுப்பில் போனால் நீங்கள் ஆசைப்பட்ட பாடம் அந்த ஆண்டு நடக்காது. இருவர் வேறு பல்கலைக்கழகம் போய்விட்டால் அந்தத் துறையே ஆட்டம் காணும்.

கல்லூரியே இல்லாமல் போவதும் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரி 2022-ல் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. சிங்கப்பூரில் யேல் - என்யூஎஸ் கல்லூரி 2013-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது ஆசியாவுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. 2021-ல் மூடும் அறிவிப்பு வந்தது. 2025-ல் கடைசி பேட்ச் வெளியேறியது. சேர்ந்தவர்கள் டிகிரி முடிக்க வழி செய்தார்கள். ஆனால் தங்கள் ரெஸ்யூமேயில் இருக்கும் கல்லூரி இன்று இல்லை என்பதை அந்த மாணவர்கள் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் விளக்க வேண்டியிருக்கலாம்.

அதனால் கல்லூரிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது அநாகரிகம் இல்லை. மாணவர் கட்டணத்தை மட்டும் நம்பி ஓடுகிறதா, பெரிய அறக்கட்டளை பின்னால் இருக்கிறதா என்பது நான்காண்டுக் கேள்வி.

நேரில் போகும்போது என்ன கேட்பது?

ஓப்பன் டே அன்று போனால் கோலம் போட்ட வாசல்தான் தெரியும். சாதாரண வேலைநாளில் போங்கள். முடியாவிட்டால் இரண்டு மாணவர்களிடம் போனில் பேசுங்கள். கேட்க வேண்டியவை:

1. போன செமஸ்டரில் நிஜமாக நடந்த பாடங்களின் பட்டியல் கிடைக்குமா? பிரசுரத்தில் இருக்கும் பட்டியல் வேண்டாம்.

2. முதலாண்டு வகுப்பில் எத்தனை பேர்? மூன்றாம் ஆண்டு வகுப்பில் எத்தனை பேர்?

3. நீ எழுதிய கடைசிக் கட்டுரைக்கு ஆசிரியர் என்ன எழுதித் திருப்பித் தந்தார்? இதற்கு மாணவர் சட்டென்று பதில் சொன்னால் நல்ல அறிகுறி. "மார்க் மட்டும் வந்தது" என்றால் யோசியுங்கள்.

4. விரும்பிய மேஜர் எல்லாருக்கும் கிடைக்குமா, இல்லை சீட் வரம்பு உண்டா?

5. பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள்?

6. உன் மேஜரில் போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

7. சனி, ஞாயிறு என்ன செய்வாய்? பதிலில் சலிப்பு தெரிகிறதா, சந்தோஷம் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

வாய்ப்பு இருந்தால் தங்கையை ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். வெளியே வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வளாகத்தைப் பற்றிப் பேசுகிறாளா, வகுப்பில் நடந்த விவாதத்தைப் பற்றிப் பேசுகிறாளா என்பதிலேயே நிறையத் தெரியும்.

அப்போ அம்மாவுக்கு என்ன சொல்வது?

"நல்லது" அல்லது "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பேப்பரில் மூன்று விஷயம் எழுதுங்கள். தங்கை ஏன் அங்கே போக நினைக்கிறாள் என்பதை அவள் கையால் பத்து வரி. சலுகை போக வீடு கட்ட வேண்டிய மொத்தத் தொகை. படிப்பு முடித்து இரண்டு ஆண்டுகள் அவள் பெரிதாகச் சம்பாதிக்காவிட்டால் வீடு எப்படி ஓடும் என்பது.

மூன்றுக்கும் பதில் இருந்தால், தைரியமாக விண்ணப்பிக்கலாம். முதல் பதில் மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லை என்றால், ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, உதவித்தொகையோடு முதுநிலைக்கு அந்தப் பக்கம் போகலாம். டிகிரி முடித்தவர்களுக்கு, 2011-ல் தொடங்கி இப்போது அசோகா நடத்தும் யங் இந்தியா ஃபெலோஷிப் போன்ற ஓராண்டுப் படிப்புகளும் இருக்கின்றன. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு "நான் வேற என்னவோ படிச்சிருக்கலாமோ" என்று நினைக்கும் உங்களுக்கும்கூட அது பொருந்தும்.

முதல் பதிலே வரவில்லை என்றால், அதாவது "ஃப்ரெண்ட்ஸ் போறாங்க", "கேம்பஸ் அழகா இருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றால், அப்பா கேட்டது சரியான கேள்விதான். ஆர்ட்ஸ் காலேஜ் நம்ம ஊரிலேயே இருக்கிறது.